ஒரே பெயரில் பல மெத்தடுகள்: எதை அழைப்பது என்பது எப்போது முடிவாகிறது?

அமராவதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் ஒன்றுக்கான வைப்புக் கணக்கு மென்பொருளை ஜாவாவில் எழுதிவருகிறேன். அதில் உறுப்பினர் என்றொரு கிளாஸும், அதன் துணைக் கிளாஸாக மூத்தஉறுப்பினரும் உள்ளன. மூத்தவர்களுக்கு அரை விழுக்காடு வட்டி கூடுதல் என்பதால், வட்டிக்கணிப்பான் என்ற தனிக் கிளாஸில் வட்டிவீதம் என்ற ஒரே பெயரில் இரண்டு மெத்தடுகளை வைத்திருக்கிறேன். ஒன்றின் அளபுரு, அதாவது அது பெறும் மதிப்பு, உறுப்பினர். மற்றொன்றின் அளபுரு மூத்தஉறுப்பினர். பள்ளிப் பாடநூலில் பணிமிகுப்பு என்று படித்த மெத்தட் ஓவர்லோடிங்தான் இது.

மூத்தஉறுப்பினர் என்று அறிவித்த மாறியைக் கொடுத்துச் சோதித்தால் கூடுதல் வட்டி சரியாக வருகிறது. ஆனால் உறுப்பினர் பட்டியலை ஒரு லூப்பில் எடுத்து, ஒவ்வொருவரையும் அதே மெத்தடுக்குக் கொடுக்கும்போது, மூத்தவர்கள் உட்பட எல்லோருக்கும் சாதாரண வட்டியே கிடைக்கிறது. டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் அந்த ஆப்ஜெக்ட் மூத்தஉறுப்பினர்தான் என்று தெளிவாகக் காட்டுகிறது. ஆப்ஜெக்டின் உண்மையான வகையைப் பார்த்து மெத்தடைத் தேர்ந்தெடுப்பதைத்தானே பல்லுருவாக்கம் என்கிறோம்? அது ஏன் இங்கே நடக்கவில்லை?

பாலாறு எழுதியது:

நண்பரே, நீங்கள் எதிர்பார்த்தது, மேல் கிளாஸின் மெத்தடைத் துணைக் கிளாஸ் தன் வடிவத்தில் மாற்றி எழுதும் ஓவர்ரைடிங்கின் இயல்பு. நீங்கள் எழுதியிருப்பது ஓவர்லோடிங். இரண்டும் பல்லுருவாக்கம் என்ற ஒரே தலைப்பின் கீழ் கற்பிக்கப்பட்டாலும், முடிவெடுப்பவரும் முடிவெடுக்கும் நேரமும் முற்றிலும் வேறு.

ஒரே பெயரில் பல மெத்தடுகள் இருக்கும்போது எதை அழைப்பது என்பதை, நிரல் ஓடுவதற்கு முன்பே அதை மொழிபெயர்க்கும் கம்பைலரே தீர்மானித்துவிடுகிறது. அப்போது ஆப்ஜெக்ட் என்று ஒன்றே கிடையாது. கம்பைலரின் கண் முன்னே இருப்பது நீங்கள் எழுதிய அறிவிப்பு மட்டுமே. லூப்பின் மாறியை உறுப்பினர் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஆகவே உறுப்பினரைப் பெறும் வட்டிவீதம் என்ற மெத்தடைக் கம்பைலர் தேர்ந்தெடுத்து, அதன் பெயரையும் அளபுரு வகைகளையும் சேர்த்து, தான் உருவாக்கும் கட்டளைத் தொகுப்பான பைட்கோடில் பதித்துவிடுகிறது. நிரல் ஓடும்போது, அந்தப் பைட்கோடை இயக்கும் ஜேவிஎம் அந்தத் தேர்வை மறுபரிசீலனை செய்வதில்லை. கம்பைல் ஆன கிளாஸ் கோப்பை ஜாவாபி என்ற கருவியால் திறந்து பாருங்கள். அழைப்பு நிகழும் வரியில் உறுப்பினர் என்ற வகை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்.

ஜேவிஎம் ஓடும்போது முடிவு செய்வது ஒன்றே ஒன்றுதான். புள்ளிக்கு இடப்பக்கம் இருக்கும் ஆப்ஜெக்ட் எந்தக் கிளாஸைச் சேர்ந்தது என்று பார்த்து, பதிக்கப்பட்ட அதே மெத்தடை அந்தக் கிளாஸ் ஓவர்ரைடு செய்திருக்கிறதா என்று தேடும். உங்கள் அழைப்பில் இடப்பக்கம் இருப்பது வட்டிக்கணிப்பான். உறுப்பினரோ அடைப்புக்குறிக்குள் இருக்கிறார். இடப்பக்க ஆப்ஜெக்டுக்கு மட்டுமே ஓடும்நேரத் தேர்வு உண்டு, அடைப்புக்குறிக்குள் இருப்பவற்றுக்குக் கிடையாது என்பதுதான் ஜாவா, சி++, சி ஷார்ப் ஆகியவற்றின் இயல்பான நடத்தை.

தீர்வும் இதிலிருந்தே கிடைக்கிறது. வட்டிவீதம் என்ற மெத்தடை உறுப்பினர் கிளாஸுக்குள்ளேயே வைத்து, மூத்தஉறுப்பினரில் ஓவர்ரைடு செய்யுங்கள். அப்போது உறுப்பினர் இடப்பக்கம் வந்துவிடுவார். வட்டி விதிகளை உறுப்பினர் கிளாஸில் வைக்க விருப்பமில்லை என்றால் விசிட்டர் அமைப்பைப் பயன்படுத்தலாம்: உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொள் என்ற மெத்தடை ஓவர்ரைடு செய்து, அதற்குள்ளிருந்து தம்மையே கணிப்பானுக்குக் கொடுப்பார். அந்த இடத்தில் அறிவிக்கப்பட்ட வகையே மூத்தஉறுப்பினர் என்பதால் கம்பைலர் சரியான மெத்தடைத் தேர்ந்தெடுக்கும். ஜாவா 21 பயன்படுத்துகிறீர்கள் என்றால், வகையைப் பார்த்துப் பிரியும் ஸ்விட்ச் இன்னும் நேரடியானது; உறுப்பினரை, துணைக் கிளாஸ்கள் எவை என்று முன்கூட்டியே வரையறுக்கும் ஸீல்டு கிளாஸாகவும் அறிவித்துவிட்டால், ஒரு வகையைக் கையாள மறந்தாலும் கம்பைலரே சொல்லிவிடும். உங்களுடைய இரண்டு வகை உறுப்பினர்களுக்கு விசிட்டர் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

நொய்யல் எழுதியது:

கல்லூரியில் இப்பாடத்தை நடத்துபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். "கம்பைல் நேரப் பல்லுருவாக்கம் ஓவர்லோடிங், ஓடும்நேரப் பல்லுருவாக்கம் ஓவர்ரைடிங்" என்ற வரியை மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வரி உண்மையே. ஆனால் அதன் விளைவு என்ன என்பதை ஒரு நிரலில் காட்டாத வரை அது வெறும் வரியாகவே நின்றுவிடுகிறது. அமராவதி கொடுத்திருக்கும் பட்டியல் லூப் அதைக் காட்டுவதற்கு மிகப் பொருத்தமானது.

இதே குழப்பம், இரண்டு ஆப்ஜெக்டுகள் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடில் மேலும் ஆழமாக மறைந்திருக்கிறது. உறுப்பினர் கிளாஸில் ஈக்வல்ஸ் எழுதும் மாணவர், அளபுருவை, எல்லாக் கிளாஸ்களுக்கும் மேல் கிளாஸான ஆப்ஜெக்ட் என்று வைக்காமல் உறுப்பினர் என்று வைத்துவிடுகிறார். அவர் ஓவர்ரைடு செய்ததாக நினைக்கிறார். உண்மையில் புதிதாக ஓர் ஓவர்லோடைச் சேர்த்திருக்கிறார். இரண்டு உறுப்பினர் மாறிகளை நேரடியாக ஒப்பிட்டால் சரியான விடை வருகிறது. அவ்விரண்டில் ஒன்றை ஹேஷ்செட் என்ற தொகுப்பில் போட்டு, அதற்குச் சமமான மற்றோர் ஆப்ஜெக்டைக் கொண்டு தேடினால் கிடைப்பதில்லை; ஏனெனில் ஹேஷ்செட் கம்பைல் செய்யப்பட்டபோது அதற்குத் தெரிந்திருந்தது ஆப்ஜெக்டை அளபுருவாகப் பெறும் ஈக்வல்ஸ் மட்டுமே. அந்தத் தேடலுக்குப் பயன்படும் ஹேஷ்கோடு மெத்தட் முறையாக எழுதப்பட்டிருந்தாலும் நிலைமை மாறாது. 2004இல் வெளிவந்த ஜாவா 5 முதல் கிடைக்கும் ஓவர்ரைடு குறிப்பை மெத்தடின் தலையில் எழுதியிருந்தால், கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். அக்குறிப்பை எழுதாத விடைத்தாளுக்கு நான் முழு மதிப்பெண் அளிப்பதில்லை.

அமராவதி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வட்டிவீதத்தை உறுப்பினர் கிளாஸுக்குள் நகர்த்தியதும் லூப் சரியாக வேலை செய்கிறது. தேர்வு செய்வது கம்பைலர் என்பதும் இப்போது புரிகிறது. அடுத்த ஐயம்: கொடுத்த மதிப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மெத்தடுகள் பொருந்தினால் கம்பைலர் எந்த ஒழுங்கில் பார்க்கிறது? உதாரணமாக இன்ட் வகையிலான ஒரு முழு எண்ணைக் கொடுக்கிறேன். இன்னும் பெரிய முழு எண் வகையான லாங் பெறும் மெத்தட், இன்டிஜர் ஆப்ஜெக்ட் பெறும் மெத்தட், எத்தனை முழு எண்களை வேண்டுமானாலும் பெறும் வாரார்க்ஸ் மெத்தட் ஆகிய மூன்றும் இருக்கின்றன. எது அழைக்கப்படும்?

பாலாறு எழுதியது:

லாங் பெறும் மெத்தட்தான் அழைக்கப்படும். பலர் இன்டிஜர் என்று விடை சொல்வார்கள். இன்ட்டுக்கு இன்டிஜர்தானே நெருங்கிய உறவு என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஜாவாவின் மொழி விவரக்குறிப்பு இதை மூன்று கட்டங்களாகப் பிரித்திருக்கிறது.

முதல் கட்டத்தில், எண்ணை ஆப்ஜெக்டாகப் பொதிவதோ வாரார்க்ஸோ இல்லாமல், அப்படியே பொருந்துகின்ற அல்லது இன்ட்டிலிருந்து லாங் போல விரிவாக்கத்தால் பொருந்துகின்ற மெத்தடுகள் மட்டும் பார்க்கப்படுகின்றன. ஒன்றாவது கிடைத்துவிட்டால் தேடல் அங்கேயே முடிந்தது. ஒன்றும் கிடைக்காத போதுதான் இரண்டாம் கட்டத்தில், ஆப்ஜெக்டாகப் பொதியும் ஆட்டோபாக்ஸிங் அனுமதிக்கப்படுகிறது. அதிலும் கிடைக்காவிட்டால் மூன்றாம் கட்டத்தில் வாரார்க்ஸ். ஒரே கட்டத்தில் பல மெத்தடுகள் பொருந்தினால் அவற்றுள் மிகக் குறிப்பானது தேர்ந்தெடுக்கப்படும். அதாவது, ஒன்று ஏற்கும் எதையும் மற்றொன்றும் ஏற்கும் என்றால், முதலாவதே குறிப்பானது. எதுவும் எதையும்விடக் குறிப்பானதாக இல்லையென்றால் கம்பைலர் ஐயநிலை என்று பிழை சொல்லும்.

ஏன் இந்த ஒழுங்கு என்றால், ஆட்டோபாக்ஸிங்கும் வாரார்க்ஸும் ஜாவா 5இல்தான் வந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்களில் இன்ட் கொடுத்தால் லாங் மெத்தட் அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. புதிய வசதி வந்ததும் பழைய நிரல்கள் வேறு மெத்தடை அழைக்கத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காகவே புதியவை பின்னுக்கு வைக்கப்பட்டன. எனவே இன்டிஜரைவிட லாங் முந்துவதற்குக் காரணம் தர்க்கம் மட்டுமல்ல, வரலாறும்கூட.

நீங்கள் பணக் கணக்கு எழுதுவதால் இந்த முதல் கட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தர வேண்டியிருக்கிறது. தசம எண்ணை முழு எண்ணாக்கும், மேத் கிளாஸின் ரவுண்ட் மெத்தடுக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. தசம எண் வகைகளுள் சிறியதான ஃப்ளோட் பெறுவது இன்ட்டைத் திருப்பித் தரும்; பெரியதான டபுள் பெறுவது லாங்கைத் திருப்பித் தரும். யாரோ ஒருவர் தொகையைக் காசுகளாக மாற்றி இன்ட்டில் வைத்திருக்கிறார். பழைய பழக்கத்தில் அதன் மேல் ரவுண்டையும் அழைத்துவிடுகிறார். இன்ட்டிலிருந்து ஃப்ளோட்டுக்கும் விரிவாக்கம் உண்டு, டபுளுக்கும் உண்டு. ஃப்ளோட் குறிப்பானது என்பதால் அதுவே தேர்வாகிறது. ஆனால் ஃப்ளோட்டால் 1,67,77,216க்கு மேல் எல்லா முழு எண்களையும் துல்லியமாகக் குறிக்க முடியாது. 1,67,772 ரூபாய் 17 காசு உள்ளே போனால் 16 காசாக வெளியே வரும். லாங்கைக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். அதுவும் ஃப்ளோட் மெத்தடுக்கே போகிறது, விடை இன்ட்டாக வருகிறது. மூன்று கோடி ரூபாயை 300 கோடி காசுகளாகக் கொடுத்தால் இன்ட்டின் உச்சவரம்பான 2,14,74,83,647 காசுகள் திரும்பும். அந்த விடையை லாங் மாறியில் வைத்தாலும் கம்பைலர் பிழை எதுவும் சொல்லாது. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் எண்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொகை இப்படிக் காணாமல் போகக்கூடும். முழு எண்ணில் ரவுண்டை அழைக்கும் வரி உங்கள் நிரலில் எங்காவது இருந்தால் நீக்கிவிடுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

பாலாறு அவர்கள் சொன்ன மூன்று கட்டங்கள் எந்த இடத்தில் நடைமுறையில் அடிக்கடி இடிக்கின்றன என்றால், லிஸ்ட்டின் ரிமூவ் மெத்தடில். இன்ட் பெறும் ரிமூவ் இடத்தைக் கொண்டு நீக்கும். ஆப்ஜெக்ட் பெறும் ரிமூவ் மதிப்பைக் கொண்டு நீக்கும். 1, 2, 3 என்ற இன்டிஜர்கள் உள்ள அர்ரேலிஸ்ட்டில் ரிமூவ் மெத்தடுக்கு 1 என்று கொடுத்தால் 2 நீங்குகிறது, ஏனெனில் முதல் கட்டத்திலேயே இன்ட் பொருந்திவிடுகிறது. இட எண்ணும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

இதைவிட முக்கியமானது அடுத்தது. அதே அர்ரேலிஸ்ட்டை, லிஸ்ட்டைவிடப் பொதுவான வகையான கலெக்ஷன் என்று அறிவித்த மாறியில் வைத்து, அதே வரியை எழுதிப் பாருங்கள். கலெக்ஷனில் இடத்தைக் கொண்டு நீக்கும் ரிமூவ் கிடையாது. ஆகவே கம்பைலர் இரண்டாம் கட்டத்துக்குப் போய், 1ஐ இன்டிஜராகப் பொதிந்து, மதிப்பைக் கொண்டு நீக்கும் மெத்தடை அழைக்கிறது. இம்முறை 1 நீங்குகிறது. ஆப்ஜெக்ட் ஒன்றே, அழைக்கும் வரியும் ஒன்றே, மாறியின் அறிவிப்பு மட்டும் வேறு, விளைவோ தலைகீழ். அமராவதியின் முதல் கேள்வியில் இருந்த அதே சிக்கல்தான் இது, மொழியின் சொந்த நூலகத்திலேயே இருக்கிறது.

தமிழில் நிரல் எழுதுவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சரங்களை ஒட்டிச் சேர்க்கப் பயன்படும் ஸ்ட்ரிங்பில்டரின் அப்பெண்டு மெத்தடுக்கு ஒற்றை எழுத்தைப் பெறும் கேர் வடிவம் இருக்கிறது. ஆனால் அதன் கன்ஸ்ட்ரக்டருக்கு அப்படி ஒன்று இல்லை. கொள்ளளவைக் குறிக்கும் இன்ட் வடிவம் இருக்கிறது. எனவே கன்ஸ்ட்ரக்டருக்கு ஒற்றை மேற்கோளுக்குள் 'அ' என்று கொடுத்து, பின்னர் "ம்மா" என்ற சரத்தை ஒட்டினால், கிடைப்பது "அம்மா" அன்று, "ம்மா" மட்டுமே. 'அ' என்ற எழுத்தின் யூனிகோடு எண்ணான 2949 கொள்ளளவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 2949 இடங்கள் கொண்ட வெற்று ஸ்ட்ரிங்பில்டர் உருவாகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. 'கி' என்று கொடுத்திருந்தால், அது யூனிகோடில் இரண்டு குறிகளாக இருப்பதால், கம்பைலரே மறுத்திருக்கும். உயிரெழுத்தும் அகரமேறிய மெய்யும்தான் இப்படி நழுவி உள்ளே போகும்.

எந்த ஆப்ஜெக்டையும் குறிக்காத நல் என்ற மதிப்பைக் கொடுக்கும்போதும் இதே விதிகள்தான். திரையில் அச்சிடும் பிரிண்ட்எல்என் மெத்தடுக்கு நேரடியாக நல் கொடுத்தால் கம்பைல் ஆகாது. சரம் பெறும் வடிவமும் கேர் அணி பெறும் வடிவமும் ஒன்றையொன்று விடக் குறிப்பானவை அல்ல. ஆனால் ஸ்ட்ரிங் கிளாஸின் வேல்யூஆஃப் மெத்தடுக்குக் கொடுத்தால் கம்பைல் ஆகிவிடும். அங்கே ஆப்ஜெக்ட் வடிவத்தைவிடக் கேர் அணி வடிவம் குறிப்பானது என்பதால் அது தேர்வாகி, ஓடும்போது நல்பாயின்டர் எக்ஸெப்ஷனில் நிரல் நின்றுவிடும்.

மணிமுத்தாறு எழுதியது:

இவற்றையெல்லாம் படித்த பிறகும் இந்த வசதியை ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் பெரும்பாலும் சி++இல் எழுதுபவன். அங்கே விதிகள் இதைவிடக் கடினம். ஒரு செயற்கூறுக்கு, மெய்/பொய் மதிப்பான பூல் பெறும் வடிவமும் நூலகத்தின் ஸ்ட்ரிங் பெறும் வடிவமும் இருக்கும்போது, இரட்டை மேற்கோளுக்குள் ஒரு சொல்லைக் கொடுத்தால் பூல் வடிவமே அழைக்கப்படும். மேற்கோளுக்குள் இருப்பது உண்மையில் கேர் அணி. அது சுட்டாகி (நினைவக முகவரியாகி), சுட்டு பூலாக மாறுவது மொழியின் உள்ளமைந்த மாற்றம். ஸ்ட்ரிங்காக மாறுவதோ ஒரு கிளாஸ் வரையறுத்த மாற்றம், ஆகவே தரத்தில் பின்தங்குகிறது. துணைக் கிளாஸில் அதே பெயரில் ஒரு செயற்கூறை எழுதினால் மேல் கிளாஸின் ஓவர்லோடுகள் அனைத்தும் மறைந்துபோகின்றன. யூஸிங் அறிவிப்பால் அவற்றை மீட்டெடுக்க வேண்டும். ஜாவாவில் மறைவதில்லை, இரு கிளாஸின் மெத்தடுகளும் போட்டிக்கு வருகின்றன. சி ஷார்ப்போ துணைக் கிளாஸில் பொருந்துவது ஒன்று இருந்தால், மேல் கிளாஸில் அதைவிட நன்றாகப் பொருந்துவதையும் பார்க்காது. மூன்று மொழிகளில் மூன்று விதிகள் என்றால், மொழி மாறி எழுதுபவர் எதை நம்புவது?

2009இல் வெளியான கோ மொழியில் இந்த வசதியே இல்லை. ரஸ்ட்டிலும் இல்லை. பைத்தானில் ஒரே பெயரில் இரண்டு மெத்தடுகளை எழுதினால் பின்னது முன்னதை அழித்துவிடும். தேவைப்படுவோர் இயல்பு மதிப்புகளையோ, மதிப்பின் வகையைப் பார்த்துத் தேர்வு செய்ய 3.4 பதிப்பில் சேர்க்கப்பட்ட சிங்கிள்டிஸ்பாட்ச் வசதியையோ பயன்படுத்துகிறார்கள். அங்கெல்லாம் பெரிய நிரல்கள் எழுதப்படாமல் இல்லை.

நொய்யல் எழுதியது:

மணிமுத்தாறு அவர்களின் கருத்தை மதிக்கிறேன்; ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1967இல் கோபன்ஹேகனில் ஆற்றிய விரிவுரைகளில் பல்லுருவாக்கத்தை இரண்டாகப் பிரித்தார். எல்லா வகைகளுக்கும் ஒரே விதமாக இயங்குவது ஒன்று. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே எழுதப்பட்டு ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வது மற்றொன்று. இரண்டாவதற்கு அவர் காட்டிய அடிப்படை உதாரணம் கூட்டல் குறி போன்றது: முழு எண்களைக் கூட்டும் இயந்திரக் கட்டளையும் தசம எண்களைக் கூட்டும் கட்டளையும் வேறுவேறு; குறி ஒன்றே. கோ மொழியிலும் கூட்டல் குறி எண்களுக்கும் சரங்களுக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. மொழியை வடிவமைத்தவர் தமக்கு வைத்துக்கொண்ட வசதியை நிரலாளருக்கு மறுப்பதா என்பதே கேள்வி.

பிரிண்ட்எல்என் மெத்தடுக்குப் பிரிண்ட்ஸ்ட்ரீம் கிளாஸில் பத்து வடிவங்கள் உள்ளன. முதல் வகுப்பில் அமரும் மாணவரிடம் எண்ணை அச்சிட ஒரு பெயர், எழுத்தை அச்சிட ஒரு பெயர், மெய்/பொய் மதிப்பை அச்சிட ஒரு பெயர் என்று பத்துப் பெயர்களைக் கொடுத்தால், அவர் கற்பது நிரலாக்கமாக இருக்காது. எதைக் கொடுத்தாலும் அது ஒரு வரியில் அச்சாகும் என்பது பத்து வடிவங்களுக்கும் பொதுவான பொருள். பெரும்பாலும் எந்த வடிவம் அழைக்கப்பட்டது என்பதைப் பயனர் அறியத் தேவையே இல்லை.

பாலாறு எழுதியது:

நொய்யல் அவர்கள் கடைசி வாக்கியத்தில் சொன்னதையே நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். எந்த வடிவம் அழைக்கப்பட்டது என்பதை அறியாமலேயே அழைப்பவர் நிம்மதியாக இருக்க முடிந்தால், அங்கே ஒரே பெயர் நியாயமானது. அறிந்தே ஆக வேண்டும் என்றால், பெயரிலேயே அது தெரிய வேண்டும். லிஸ்ட்டின் ரிமூவ் இந்த அளவுகோலில் தோற்கிறது; இடத்தைக் கொண்டு நீக்குவதும் மதிப்பைக் கொண்டு நீக்குவதும் இரு வேறு செயல்கள். அமராவதியின் வட்டிவீதமும் தோற்றது. மூத்தவருக்குக் கூடுதல் வட்டி என்பது வெறும் வடிவ வேறுபாடு அன்று, சங்கத்தின் விதி.

ஜாவா நூலகத்திலேயே இரு பாதைகளும் உள்ளன. டேட்டாஅவுட்புட்ஸ்ட்ரீமில் ரைட்இன்ட், ரைட்லாங், ரைட்பூலியன் என்று தனித்தனிப் பெயர்கள் முதல் பதிப்பிலிருந்தே இருக்கின்றன. எழுதுவதற்கு ஓவர்லோடிங் போதுமே என்று தோன்றலாம். ஆனால் படிக்கும் பக்கத்தில் ரீட்இன்ட், ரீட்லாங் என்பவற்றுக்கு அளபுரு எதுவும் இல்லை, திருப்பித் தரும் வகை மட்டுமே வேறு. அவற்றை ஓவர்லோடு செய்ய மொழி இடம் தராது. எழுதுவதற்கும் படிப்பதற்கும் பெயர்கள் இணையாக அமைந்தபோது, கோப்பில் எத்தனை பைட்டுகள் இறங்குகின்றன என்பதும் பெயரிலேயே தெரிந்துவிட்டது. 2014இல் ஜாவா 8 பெயரில்லாச் செயற்கூறுகளான லாம்டாக்களைக் கொண்டுவந்தபோதும் இதே பாடம் பின்பற்றப்பட்டது. ஒப்பிடுவதற்கான கம்பேரிங் என்பதோடு கம்பேரிங்இன்ட், கம்பேரிங்லாங், கம்பேரிங்டபுள் என்று பெயர்கள் பிரிக்கப்பட்டன. வகை எழுதப்படாத லாம்டா அளபுருவாக வரும்போது, அது எந்த இடைமுகத்துக்குரியது என்பதை ஓவர்லோடுகளிடையே கம்பைலரால் பல நேரங்களில் முடிவு செய்ய இயலாது.

ஆகவே வசதியே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அளபுருக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்து வகை மட்டும் மாறும் ஓவர்லோடுகளை எழுதும் முன் ஒவ்வொரு முறையும் தயங்க வேண்டும் என்பதில் மணிமுத்தாறு அவர்களோடு முழுமையாக நிற்கிறேன். எண்ணிக்கை வேறுபட்டால் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் எழுவதில்லை.

அமராவதி எழுதியது:

இந்த அளவுகோலை வைத்து என் நிரல் முழுவதையும் பார்த்துவருகிறேன். இரண்டு இடங்களில் நிற்கிறேன். முதலாவது, அறிக்கை தயாரிக்க உறுப்பினர் லிஸ்ட் பெறும் மெத்தடையும் வைப்பு லிஸ்ட் பெறும் மெத்தடையும் ஒரே பெயரில் எழுத முயன்றேன். இரண்டும் மோதுகின்றன என்று கம்பைலர் மறுக்கிறது. லிஸ்ட்டுக்குள் இருக்கும் வகைகள் வேறுதானே? இரண்டாவது, திருப்பித் தரும் வகையைக் கொண்டு வேறுபடுத்த ஜாவா ஏன் இடம் தருவதில்லை? முடியவே முடியாத ஒன்றா அது?

தாமிரபரணி எழுதியது:

முதலாவதற்குக் காரணம் டைப் எரேஷர். லிஸ்ட்டுக்குள் கூர்முனை அடைப்பில் எழுதும் வகை கம்பைலரின் சரிபார்ப்புக்கே பயன்படுகிறது. பைட்கோடில் இரண்டு மெத்தடுகளும் வெறும் லிஸ்ட் பெறுபவையாகிவிடும். ஜேவிஎம்முக்கு அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. உறுப்பினர்அறிக்கை, வைப்புஅறிக்கை என்று பெயரிடுவதே நேர்வழி, அளவுகோலும் அதையே சொல்கிறது. ஜாவாவில் இப்பெயர்களைத் தமிழ் எழுத்துகளிலேயே வைக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுறவுத் துறைச் சொற்களை அப்படியே வைக்கும்போது நிரல் தெளிவாகிறது.

இரண்டாவது முடியாததன்று. ஏடா மொழியில் திருப்பித் தரும் வகையைக் கொண்டு ஓவர்லோடு செய்யலாம். ஹாஸ்கெல்லின் டைப் கிளாஸ்களும் விடை எந்த வகையில் எதிர்பார்க்கப்படுகிறது என்பதைக் கொண்டு தேர்வு செய்கின்றன. ஆனால் ஜாவாவில் ஒரு மெத்தடை அழைத்து அதன் விடையை எதிலும் வைக்காமல் விட்டுவிடலாம். அப்படி எழுதும்போது எதிர்பார்க்கும் வகை எதுவும் இல்லாததால் தேர்வு செய்ய ஆதாரமே இருக்காது. சூழலைப் பார்க்காமல் அழைப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் எளிமையை ஜாவா தேர்ந்துகொண்டது.

மணிமுத்தாறு எழுதியது:

ஒரு திருத்தம் மட்டும். மொழி அளவில் திருப்பித் தரும் வகை கணக்கில் வராது என்பது சரி. ஜேவிஎம் அளவில் வரும். பைட்கோடில் பதிக்கப்படும் விவரத்தில் அளபுரு வகைகளோடு திருப்பித் தரும் வகையும் சேர்ந்தே இருக்கிறது. துணைக் கிளாஸ் ஓவர்ரைடு செய்யும்போது இன்னும் குறிப்பான வகையைத் திருப்பித் தர ஜாவா 5 இடம் கொடுத்தது. அதற்காகக் கம்பைலர் பழைய வகையோடு ஒரு பாலம் மெத்தடையும் தானே உருவாக்குகிறது. கிளாஸ் கோப்பில் ஒரே பெயரும் ஒரே அளபுருக்களும் கொண்ட இரண்டு மெத்தடுகள் உண்மையாகவே இருக்கும்.

இதன் விளைவை ஜாவா 9 வந்தபோது பலர் சந்தித்தார்கள். பைட்பஃபரின் ஃப்ளிப் மெத்தட் அதுவரை மேல் கிளாஸான பஃபரிலிருந்து வந்து பஃபரைத் திருப்பித் தந்தது. 9இல் பைட்பஃபரையே திருப்பித் தருமாறு ஓவர்ரைடு செய்யப்பட்டது. புதிய ஜேடிகேயில் (ஜாவா உருவாக்கத் தொகுப்பில்) இலக்கு 8 என்று மட்டும் குறித்துக் கம்பைல் செய்த நிரல், ஜாவா 8இல் ஓடும்போது அப்படி ஒரு மெத்தட் இல்லை என்று நின்றுவிட்டது. மூல நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பதிக்கப்பட்ட விவரத்தில் திருப்பித் தரும் வகை மாறியிருந்தது. ரிலீஸ் என்ற தேர்வைப் பயன்படுத்திக் கம்பைல் செய்தால் இச்சிக்கல் எழாது.

அமராவதி எழுதியது:

இது எனக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. கிளைகளில் ஓடும் அச்சுத் தொகுதி தனி ஜார் கோப்பாக (கம்பைல் ஆன கிளாஸ்களின் பொதியாக) உள்ளது. அது பழைய வட்டிக்கணிப்பானின் மெத்தடுகளை அழைக்கிறது. முதன்மைத் தொகுதியில் அவற்றை நீக்கிவிட்டால் அங்கே என்ன நடக்கும்?

பாலாறு எழுதியது:

மீண்டும் கம்பைல் செய்யாத வரை அந்த ஜார் கோப்பு பழைய விவரத்தையே தேடும். மெத்தட் கிடைக்காமல் ஓடும்நேரப் பிழையோடு நின்றுவிடும். ஆகவே உடனே நீக்க வேண்டாம். உறுப்பினரைப் பெறும் பழைய மெத்தடையும் மூத்தஉறுப்பினரைப் பெறும் பழைய மெத்தடையும் அப்படியே விட்டு, இரண்டின் உடலிலும் உறுப்பினரின் புதிய வட்டிவீதத்தை அழைக்கும் ஒரே வரியை மட்டும் வையுங்கள். அப்போது கம்பைலர் எதைத் தேர்ந்திருந்தாலும் விடை ஒன்றாகவே வரும். கிளைகளில் அச்சாகும் தவறான வட்டியும் ஜாரைத் தொடாமலேயே சரியாகிவிடும். இரண்டின் தலையிலும், இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லும் டெப்ரிகேட்டட் குறிப்பை இடுங்கள். அச்சுத் தொகுதியை அடுத்த முறை கம்பைல் செய்யும்போது அந்த அழைப்புகள் எச்சரிக்கைகளாக வெளிப்படும். அவற்றை மாற்றி, எல்லாக் கிளைகளுக்கும் புதிய ஜார் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்ட பின் பழையவற்றை நீக்கலாம். இதற்கிடையில், அந்தத் தொகுதி இதுவரை அச்சிட்ட மூத்தவர்களின் வட்டிச் சீட்டுகளைச் சங்கத்தின் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். குறைவாகக் கொடுக்கப்பட்ட வட்டி அவர்களுக்குச் சேர வேண்டியது.